மடிக்கணினி வாங்கப் போகிறோம்

விடியற்காலை. மாரிக்குப்பம் ரயில் நிலையம். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள். கையில் சாப்பாட்டுப் பை. எல்லோரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

ஒரு காலத்தில் எங்கள் ஊரில் வேலை நிலத்துக்கு அடியில் இருந்தது. தங்கச் சுரங்கம் நூறு ஆண்டுகளுக்கு மேல் சோறு போட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்ட் மைன்ஸ் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பிழைப்புக்காக ரயில் ஏறினோம். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். வர இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அம்மா இருக்கிறார். வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறார். தெருவில் எல்லோரும் அவரை இட்லிக்கார அம்மா என்றே கூப்பிடுவார்கள். மாலையில் எங்கள் எழுத்தறிவு வகுப்புக்கு வருவார். அவருடைய மகள் பெங்களூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மகன் கல்லூரியில் படிக்கிறான்.

ஒரு நாள் அந்த அம்மா வகுப்புக்குச் சீக்கிரம் வந்தார். முகத்தில் மகிழ்ச்சி.

"டீச்சர், பாப்பா இனிமே வாரத்துல ரெண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பாக்கலாமாம். ஆனா சொந்தமா மடிக்கணினி வேணுமாம்."

"நல்ல சேதிதானே அம்மா!"

"நல்ல சேதிதான். சீட்டு எடுத்த பணம் 45,000 ரூபாய் இருக்கு. அது அத்தனையும் இட்லி வித்த காசு. ஏமாந்துடக் கூடாது."

பிறகு ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். ஒரு கடையில் எழுதிக் கொடுத்தது. 'ஐ7-4600, 8 ஜிபி, விலை 24,000' என்று இருந்தது.

"பழைய பெட்டிதான். ஆனா ரொம்பப் பெரிய மாடல்னு கடைக்காரர் சொன்னார். 2,000 ரூபாய் முன்பணம் கேட்டார். யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். எழுத்து இங்கிலீஷ். எண்ணை மட்டும் நானே படிச்சேன்."

எண்ணைப் படித்தாரே, அதுதான் அவரைக் காப்பாற்றியது. எப்படி? பார்ப்போம்.

அந்த எண் சொன்ன கதை

அந்தச் சீட்டை மகள் அலுவலகத்துக்குக் கொண்டு போனாள். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் காட்டினாள். அவர் விளக்கினார்.

"ஐ7 என்பது பெரிய வகை. அது உண்மைதான். ஆனால் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார். 4600. முதல் எண் 4. இது நான்காம் தலைமுறை. 2013-இல் வந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இந்தப் பெட்டியில் பழைய விண்டோஸ் 10 தான் ஓடும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அலுவலகக் கணக்கை இதில் வைக்க நாங்கள் அனுமதிக்க மாட்டோம்."

அதாவது, 24,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் எந்த வேலைக்காக வாங்கினார்களோ அந்த வேலைக்கே அது உதவாது.

பழைய பெட்டி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. பழையது வாங்கினாலும் அது எத்தனையாம் தலைமுறை என்று பாருங்கள். விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்கள். பில்லும் வாரண்டியும் உண்டா என்று கேளுங்கள்.

முதலில் வேலை, பிறகு கடை

புடவை வாங்கும்போது என்ன நினைக்கிறோம்? கல்யாணத்துக்கா, தினமும் கட்டவா என்று நினைக்கிறோம். மடிக்கணினிக்கும் அப்படித்தான். அந்த அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார்கள்.

மகளுக்கு: கணக்கு எழுத வேண்டும். கடிதம் அனுப்ப வேண்டும். முகம் பார்த்துக் கூட்டத்தில் பேச வேண்டும். ரயிலில் தூக்கிப் போக வேண்டும்.

மகனுக்கு: பாடம் படிக்க வேண்டும். கல்லூரிக்குக் கட்டுரை தட்ட வேண்டும்.

அம்மாவுக்கு: கடைக் கணக்கு வைக்க வேண்டும். ஊரில் உள்ள தங்கச்சியிடம் பேச வேண்டும்.

மகள் அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேட்டாள். அலுவலகமே மடிக்கணினி கொடுக்குமா? சொந்தப் பெட்டியில் வேலை செய்யலாமா? அதில் என்னென்ன மென்பொருள் ஓட வேண்டும்? இந்த மூன்றையும் கேட்காமல் கடைக்குப் போகக் கூடாது. அலுவலகமே கொடுத்தால் 45,000 ரூபாய் மிச்சம் அல்லவா? இந்த அலுவலகம் கொடுக்காது என்று தெரிந்தது. அதன் பிறகுதான் கடைக்குப் போகும் பேச்சு வந்தது.

மேசைக் கணினியா, மடிக்கணினியா?

ஒரே இடத்தில் வைத்து வேலை செய்தால் மேசைக் கணினி போதும். கெட்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றலாம். ஆனால் தூக்கிப் போக முடியாது. கரண்டு போனால் உடனே நின்றுவிடும். அதற்குத் தனியாக யூபிஎஸ் வாங்க வேண்டும்.

கரண்டு என்றதும் ஒரு பழைய சேதி. சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே எங்கள் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சுரங்க இயந்திரங்கள் அதில் ஓடின. அப்படிப்பட்ட ஊரிலும் இன்று மழை பெய்தால் கரண்டு போகிறது! மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது. கரண்டு போனாலும் சில மணி நேரம் ஓடும்.

தூக்கிச் செல்லும் கணினி புதிது அல்ல. 1981-இல் ஆஸ்போர்ன் என்ற கணினி வந்தது. எடை சுமார் 11 கிலோ! ஒரு சின்ன அரிசி மூட்டை மாதிரி. இன்றைய மடிக்கணினி பல ஒன்றரைக் கிலோ அளவில்தான் இருக்கும். தினமும் ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு அரைக் கிலோ கூட பாரம்தான். அதனால் 14 அங்குலத் திரை நல்லது. வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்கு 15.6 அங்குலம் கண்ணுக்கு வசதி.

உள்ளே என்ன இருக்கிறது?

மடிக்கணினியை ஒரு சமையல் அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிராசசர்: இதுதான் சமையல்காரர். வேலையைச் செய்வது இதுதான். இன்டெல், ஏஎம்டி என்று இரண்டு கம்பெனிகள் அதிகம் விற்கின்றன. வீட்டு வேலைக்கும் கணக்கு வேலைக்கும் இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3 போதும். வசதி இருந்தால் ஐ5 அல்லது ரைசன் 5 வாங்கலாம். பெயர் பெரிதா என்பதோடு நிற்காதீர்கள். எந்த ஆண்டு வந்தது என்றும் கேளுங்கள். வயதான ஐ7-ஐ விடப் புதிய ஐ3 மேலாக வேலை செய்யலாம்.

ராம்: இது அடுப்பு மேடை. மேடை சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு பாத்திரம் வைக்க முடியாது. ராம் குறைவாக இருந்தால் கணினி தடுமாறும். 8 ஜிபி கட்டாயம் வேண்டும். 16 ஜிபி இருந்தால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை. "பிறகு ராம் கூட்ட முடியுமா?" என்று கேளுங்கள். சில மாடல்களில் முடியாது.

எஸ்எஸ்டி: இது சாமான் அலமாரி. படம், கணக்கு, பாடம் எல்லாம் இதில்தான் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழலும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அதனால் வேகம் அதிகம். ரயில் ஆட்டத்துக்கும் பயம் குறைவு. 512 ஜிபி இருந்தால் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தாராளம்.

மென்பொருள்: சமையல் அறை இருந்தால் போதுமா? பாத்திரம் வேண்டாமா? விண்டோஸ் போட்டே தருகிறார்களா என்று கேளுங்கள். கணக்கு எழுதும் எக்செல் சேர்ந்து வருகிறதா, தனிப் பணமா என்றும் கேளுங்கள். வீட்டு வேலைக்கு லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் தட்டலாம். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை முறையைப் பழகினால் வேகமாகத் தட்டலாம்.

தவணையில் வாங்கலாமா?

கடையில் ஒருவர் சொன்னார்: "முன்பணமே வேண்டாம் அம்மா. மாதம் 4,300 ரூபாய். பன்னிரண்டே மாதம்."

அந்த அம்மா பையிலிருந்து நோட்டை எடுத்தார். அங்கேயே பெருக்கிப் பார்த்தார்.

4,300 × 12 = 51,600 ரூபாய்.

அதே பெட்டி ரொக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். விலை 38,000. வரி நூற்றுக்கு 18. வரி மட்டும் 6,840. மொத்தம் 44,840 ரூபாய்.

51,600 – 44,840 = 6,760 ரூபாய்.

"தவணையில வாங்கினா 6,760 ரூபாய் கூட. எத்தனை இட்லி விக்கணும்!" என்றார். ரொக்கத்துக்கே வாங்கினார். கையில் 160 ரூபாய் மிச்சம்.

எல்லோரிடமும் மொத்தப் பணம் இருக்காது. தவணையில் வாங்குவது தப்பு இல்லை. ஆனால் மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தத்தைப் பெருக்கிப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

பெட்டியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டி, கணினி, பில் ஆகிய மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். கணினியிலும் சார்ஜரிலும் இந்தியத் தர நிறுவனத்தின் பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

கணினியை ஓட விடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பிராசசர் பெயரும் ராம் அளவும் தெரியும். சொன்னதும் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். எல்லா விசைகளையும் தட்டுங்கள். கேமராவில் முகம் தெரிகிறதா, பேசினால் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி எண் உள்ள பில் வாங்குங்கள். "பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். பில் இல்லை என்றால் வாரண்டிக்கு அலைய வேண்டும். வாரண்டி எத்தனை ஆண்டு, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, பழுது பார்க்கும் இடம் எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடம் பெங்களூரில்தான் என்றால் ஒரு நாள் வேலையும் போகும்.

குறை இருந்தால் முதலில் கடையில் சொல்லுங்கள். அங்கே தீரவில்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். கன்னடத்திலும் பேசலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரே பெட்டியில் வீடும் அலுவலகமும் கலக்கக் கூடாது. கணினியில் இரண்டு கணக்குகள் தொடங்கினார்கள். ஒன்று மகளுக்கு. ஒன்று வீட்டுக்கு. இரண்டுக்கும் வேறு வேறு கடவுச்சொல். தம்பி விளையாட்டு ஏற்றினாலும் அக்காவின் அலுவலகக் கணக்கைத் திறக்க முடியாது.

முக்கியமானவற்றை வேறு இடத்திலும் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். அலுவலகக் கணக்கை எங்கே வைக்கலாம் என்று அலுவலகத்தைக் கேட்டே வைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் காற்றடிக்கும் நாளில் சைனைடு மேட்டுத் தூசி வீட்டுக்குள் வரும். வேலை முடிந்தால் மூடிப் பையில் வையுங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்றுப் போகும் துளை அடைபட்டு, பெட்டி சூடாகும்.

அன்று இரவு அந்த அம்மா பில்லைப் பிரித்தார். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். தன் நோட்டில் வாங்கிய தேதியை எழுதினார். அதற்குக் கீழே வாரண்டி முடியும் தேதியை எழுதினார். பில்லை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் வகுப்பில் சொன்னார்: "இந்தத் தேதியை மறக்காம இருக்க வேண்டியது என் பொறுப்பு டீச்சர். அதை மட்டும் பிள்ளைங்ககிட்ட விடல."

நினைவில் வையுங்கள்

1. வேலையை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.
2. 8 ஜிபி ராமுக்குக் குறையக் கூடாது. எஸ்எஸ்டி இருக்க வேண்டும்.
3. மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.
4. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பேசிப் பார்ப்போம்

1. 24,000 ரூபாய்ப் பெட்டியை அந்த அம்மா ஏன் வாங்கவில்லை?
2. ராமை எதனோடு ஒப்பிட்டோம்? எஸ்எஸ்டியை எதனோடு ஒப்பிட்டோம்?
3. உங்கள் வீட்டுக்கு மடிக்கணினி தேவையா? எந்த வேலைக்கு?

கணக்குப் போடுவோம்

ஒரு மடிக்கணினியின் ரொக்க விலை 40,000 ரூபாய். தவணையில் மாதம் 3,800 ரூபாய் வீதம் 12 மாதம். தவணையில் எவ்வளவு கூடுதல்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளின் பில்லை எடுங்கள். மிக்சியாக இருக்கலாம், கைபேசியாக இருக்கலாம். வாங்கிய தேதி, வரி, மொத்தத் தொகை, வாரண்டி முடியும் தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.