மனநலத் திட்டத்தை நடத்துவது யார்?



பள்ளியில் வாரம் ஒரு மனநல வகுப்பு வைத்தால் நன்மை கிடைக்காவிட்டாலும் கேடு வராது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு நடந்த மைரியாட் ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. அதில் மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் மனக்கவனப் பயிற்சியைப் பள்ளி ஆசிரியர்களே நடத்தினார்கள். ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, அதைப் பெற்ற மாணவர்கள் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. பெரும்பாலோர் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. ஆஸ்திரேலியாவில் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுக்கொடுத்த ஒரு திட்டம் முடிந்த கையோடு, அதில் சேர்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையிலான உறவு சீர்கெட்டிருந்தது. எல்லா மாணவரையும் உட்காரவைத்துத் துயரத்தைப் பற்றிப் பேசுவது எல்லாருக்கும் மருந்தாகிவிடாது.

பள்ளி மனநலத் துறையில் நுழைவோர் முதலில் படிக்க வேண்டியது பீகாரில் நடந்த செஹர் ஆய்வு. நாளந்தா மாவட்டத்தின் 74 பள்ளிகள் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் மாநில அரசின் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும் நடந்தது. மற்ற இரண்டிலும் அதனுடன் செஹர் திட்டமும் சேர்ந்தது: மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவரிதழ், காலைக் கூட்டத்தில் உரையாடல், மாணவர் குழுக்கள், தேவைப்பட்டவருக்குத் தனி ஆலோசனை. திட்டம் ஒன்றே, நடத்தியவர்கள் வேறு. ஒரு பிரிவில் உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர் நடத்தினார். இன்னொன்றில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் நடத்தினார். 2018இல் லான்செட் இதழில் வந்த முடிவு: ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சக மாணவரின் கொடுமையும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் எந்தப் பலனும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் ஆலோசகர் தந்த பலன் இன்னும் பெரிதாயிற்று. அறிக்கையை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு "பீகாரில் வெற்றி" என்று எழுதுவோர் ஆசிரியர் பிரிவில் பலனில்லை என்ற பாதியைத் தவறவிடுகிறார்கள். அது மன்னிக்கக்கூடிய கவனக்குறைவு அல்ல.

இந்த வேறுபாடு ஏன்? ஆலோசகருக்கு இது முழுநேர வேலை. ஆசிரியருக்கோ பாடம், தேர்வு, விடைத்தாள் எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சும் நேரமே இதற்கு. மதிப்பெண் போடும், தண்டிக்கும் அதிகாரமுள்ளவரிடம் பிள்ளைகள் மனம் திறப்பதும் கடினம்.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில் நடந்த செய்ல் ஆய்வும் (2015) இந்தத் திசையையே காட்டுகிறது. தற்கொலை அபாய அறிகுறிகளைக் கண்டுகொள்ள ஆசிரியர்களைப் பழக்கியதும், வினாத்தாள் கொடுத்து மாணவர்களைச் சலித்தெடுத்ததும் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. வெளியிலிருந்து வந்த பயிற்றுநர்கள் மாணவர்களையே நடிக்கவும் விவாதிக்கவும் வைத்த பிரிவில், ஓராண்டில் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

ஆசிரியரால் எதுவுமே ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1985-86இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதல் வகுப்பு ஆசிரியர்கள் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்காக இருந்த குழுக்களுக்குப் பரிசளிக்கும் விளையாட்டு ஒன்றை நடத்தினார்கள். அவ்வகுப்புகளில் முரட்டுத்தனம் மிகுந்திருந்த சிறுவர்கள் வாலிபரானபோது, மற்ற வகுப்புகளில் படித்த அதே இயல்புள்ளவர்களைவிடப் போதைப் பழக்கத்தில் குறைவாகவே விழுந்திருந்தார்கள். அங்கே ஆசிரியரின் தலையில் புதிய பாடம் எதுவும் ஏற்றப்படவில்லை. வகுப்பை நடத்தும் அவருடைய அன்றாட வேலையே மாற்றி அமைக்கப்பட்டிருந்தது.