மேடைக்கு ஆறு நிமிஷம், நமக்கு ஒன்றரை நொடி

ஓடி கிடைக்கும்னா நாம எந்த மாநாட்டுக்கும் போவோம், அது ஊரறிந்த விஷயம். ஆனா போன செமஸ்டர்ல கைக்காசு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டி, சென்னையில ஒரு ஹோட்டல்ல நடந்த ‘புதிய ஊடகங்கள்’ மாநாட்டுக்கு நானும் என் ஜூனியர் ஒருத்தனும் போனோம். அவன் ரெண்டு வருஷமா எலெக்ட்ரானிக்ஸ் பற்றித் தமிழில் வலைப்பதிவு எழுதுறவன். ஒரே ஒரு கேள்வியோட வந்திருந்தான்: நான் எழுதுற தளத்தை நாளைக்கு மூடிட்டா, எழுதினதெல்லாம் என்ன ஆகும்?

சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி இல்லை அது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் யாஹூ குழுமங்களாக இருந்தவை. இணையத்தில் தமிழ் எழுதிப் பழகிய முதல் தலைமுறை அங்கேதான் சண்டை போட்டது, கதை எழுதியது. 2019 டிசம்பரில் குழுமங்களில் இருந்த பழைய மடல்களை யாஹூ நீக்க ஆரம்பித்தது. 2020 டிசம்பரில் சேவையே நின்றுபோனது.

கேள்வியைக் கேட்டானா? இல்லை. ஏன் முடியலைன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு குழு விவாதம் 45 நிமிஷம், மேடையில் அஞ்சு பேர். அறிமுகம், பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் சேர்த்து 10 நிமிஷம். கடைசியில் கேள்விக்கு 5 நிமிஷம். மிச்சம் 30 நிமிஷத்தை அஞ்சால் வகுத்தால் பேச்சாளருக்கு ஆறு நிமிஷம். கீழே உட்கார்ந்திருந்த 200 பேருக்குக் கிடைத்தது 300 நொடி, அதாவது தலைக்கு ஒன்றரை நொடி. ‘வணக்கம்’ சொல்லி முடிக்கவே பத்தாது. வலைப்பதிவு என்பதே படிக்கிறவனும் பதில் எழுதலாம் என்ற ஊடகம். அதைப் பற்றிய மாநாட்டில் நாம வாயை மூடிக்கிட்டு கை தட்டினோம்.

நேரம் மட்டும்தான் குறைன்னா மன்னிச்சிடலாம். பெரிய குறை, யார் மேடையில் உட்கார்கிறார்கள் என்பது. தளத்தை நடத்துற கம்பெனிதான் ஸ்பான்சர், அவங்க ஆள்தான் பேச்சாளர். தன் கடை மூடினால் என்ன ஆகும்னு எந்தக் கடைக்காரர் பேசுவார்?

இதோட விலை என்னன்னு 2016ல் உலகமே பார்த்தது. அந்த ஜூன் மாதம் லண்டனில் ஒரு மாநாட்டில், ஃபேஸ்புக்கின் ஐரோப்பியப் பொறுப்பில் இருந்த நிக்கோலா மெண்டல்சன், இன்னும் அஞ்சு வருஷத்தில் ஃபேஸ்புக் முழுக்க வீடியோவாகவே ஆகிவிடக்கூடும், எழுத்து குறைந்துகொண்டே வருகிறது என்ற பொருளில் பேசினார். அவர் மட்டுமில்லை, அந்த வருஷங்களில் ஊடக மாநாடுகளில் இதேதான் பாட்டு. செய்தித் தளங்கள் நம்பின. செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒத்துக்கொண்டது: ரெண்டு வருஷமா, ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற எண்ணைக் கூட்டிக் காட்டியிருக்கிறோம்.

தப்பு எங்கேன்னா, பகுதியில். நம்ம ஆட்களுக்கு இது சட்டுன்னு புரியும். 100 பேர் ஒரு வீடியோவைக் கடக்கிறாங்க, மொத்தம் 600 நொடி பார்த்திருக்காங்க. சராசரி 6 நொடி. ஆனா அதில் 40 பேர் மூணு நொடிக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போனவங்க. அவங்களைக் கணக்கிலேயே எடுக்காம 600ஐ 60ஆல் வகுத்தால்? 10 நொடி! முதல் வருஷ லேப் ரெக்கார்டில் இப்படி எழுதினால் ரிப்பீட் அடிச்சிருப்பாங்க. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019ல் 4 கோடி டாலர் கொடுத்து ஃபேஸ்புக் சமரசம் செய்துகொண்டது. இதுக்கு நடுவுல, வீடியோதான் எதிர்காலம்னு திரும்பின தளங்களில் எழுதிக்கொண்டிருந்த பலர் வேலை இழந்தார்கள். 2017ல் அமெரிக்காவின் மிக் தளம் அப்படி ஆட்குறைப்பு செய்தது. இதுக்கெல்லாம் அந்த ஒரு எண் மட்டுமே காரணம்னு நான் சொல்லலை. ஆனா பார்வையாளர் வரிசையிலிருந்து யாராவது எழுந்து, ‘சார், அந்தச் சராசரியை எதால் வகுத்தீங்க?’ன்னு கேட்க ஒரு அஞ்சு நிமிஷம் விட்டிருக்கலாம், இல்லையா?

மாற்று இருக்கா? இருக்கு, பழசுதான். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1980களில் ஒரு வருஷம் பாடுபட்டு ஒரு மாநாடு நடத்தினார். வந்தவங்க எல்லாம், இடைவேளைக் காப்பி நேரம்தான் நல்லா இருந்ததுன்னாங்க. மனுஷன் கோவிச்சுக்கலை. காப்பி நேரத்தையே மாநாடாக்கினால் என்னன்னு யோசிச்சார். வந்தவர்களே தலைப்பு எழுதிச் சுவரில் ஒட்டுவது, பேச்சு பிடிக்கலைன்னா எழுந்து அடுத்த அறைக்குப் போவது என்ற முறை அப்படித்தான் பிறந்தது.

2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடந்த முதல் பார்கேம்பும் இந்த வழிதான். ஓ’ரெய்லி நிறுவனம் அழைத்தவர்களுக்கு மட்டும் ‘ஃபூ கேம்ப்’ நடத்திக்கொண்டிருந்தது. அழைப்பு இல்லாதவங்களும் வரலாம்னு சிலர் ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்ததுதான் ‘பார்’. ஃபூவுக்கு அடுத்த வேரியபிள் பார்தானே! அடுத்த வருஷமே அது சென்னைக்கு வந்தது. 2006 செப்டம்பரில் டைடல் பார்க்கில் பதிவர்களுக்காகவே ப்ளாக்கேம்ப் நடந்தது.

இதிலும் ஓட்டை உண்டு, மறைக்க விரும்பலை. மேடை இல்லாத இடத்தில் குரல் பெரிசா இருக்கிறவன்தான் மேடை. தடையில்லாம இங்கிலீஷ் பேசுறவங்க நாலு பேர் அறையைப் பிடிச்சுக்கிட்டா, என் ஜூனியர் மாதிரி ஆள் இங்கேயும் மூலைதான். அதனால ஒருத்தர் நேரம் பார்க்கணும், இன்னும் வாய் திறக்காதவங்ககிட்ட முதலில் கேட்கணும். இலவசம்னு பதிவு செய்துட்டு வராம போறவங்களும் உண்டு.

அடுத்த மாதம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம். ‘சீஃப் கெஸ்ட் இல்லாம ஒரு செஷனா, பிரின்சிபால் கேட்டா என்ன சொல்றது?’ன்னு ஹெச்ஓடி முதலில் தயங்கினார். இரண்டு மணி நேரம் வாதாடி, மதியம் 2 மணிக்கு செமினார் ஹாலை மட்டும் வாங்கியிருக்கோம். உள்ளே நாற்காலியை வட்டமா போடுவோம், வாசலில் ஒரு போர்டு, நாலு மார்க்கர். உங்க தலைப்பை நீங்களே எழுதுங்க. முதல் வரி ஏற்கெனவே எழுதியாச்சு, என் ஜூனியர் கையெழுத்தில்: ‘தளத்தை மூடிட்டா எழுதினதெல்லாம் என்ன ஆகும்?’