பந்தி விசாரிப்பவரை மாற்றினேன்

சென்ற கோடை விடுமுறையில் ஹேவ்லாக் தீவில் இருந்தேன். 2018-ஆம் ஆண்டு முதல் அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர். ஆயினும் கோவிந்த நகரில் சிறு உணவுக் கடை நடத்தும் என் சித்தப்பாவுக்கு அது இன்றும் ஹேவ்லாக்தான். கடற்கரை அழகைப் பற்றி எழுதுவேன் என்று எண்ணும் தோழர்கள் பொறுத்தருள வேண்டும். நான் எழுத வந்தது ஒரு பழைய மடிக்கணினியைப் பற்றி.

அக்காள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது தமிழக அரசு விலையின்றி வழங்கிய கணினி அது. நினைவகம் 2 ஜிபி. அதில் டெபியன் லினக்ஸும், எக்ஸ்எஃப்சிஇ என்னும் பணிமேடைச் சூழலும் வைத்திருந்தேன். விடுமுறை முடிந்ததும் ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். கணினியோ, ஒரு சாளரத்தை நகர்த்தினால் நத்தையாய் ஊர்ந்தது. புதியது வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை.

வேண்டிய மென்பொருளை இறக்கிக்கொள்வதில் தடை இல்லை. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கம்பி, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீண்டு, இத்தீவையும் தொடுகிறது. தடை கணினிக்குள்ளேதான் இருந்தது.

லினக்ஸில் திரைக்கு அடித்தளமாக நெடுங்காலம் விளங்கியது எக்ஸ் சாளர முறை. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. அதை ஆக்கியோர் நல்லதொரு முடிவு செய்தனர். திரையில் வரைவதோடு அது நின்றுவிடும். எந்தச் சாளரம் எங்கே அமர்வது, எது முன்னே வருவது, தலைப்புப் பட்டை எப்படி இருப்பது என்பவற்றை வேறொரு நிரல் கவனிக்கும். அதுவே விண்டோ மேனேஜர் என்னும் சாளர மேலாளர்.

நம் ஊர்த் திருமணத்தை எண்ணிப் பாருங்கள். பந்தல், மேளம், சமையல், தாம்பூலம் அனைத்தையும் ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். பணிமேடைச் சூழல் அத்தகையது. அதில் பந்தி விசாரிப்பவர் ஒருவர் உண்டு. அவர் சமைப்பதில்லை, பரிமாறுவதில்லை. யார் எந்த இலையில் அமர்வது என்று பார்ப்பவர். மற்றவரை அப்படியே வைத்துக்கொண்டு அவரை மட்டும் மாற்றலாம். ஆனால் ஒரே நேரத்தில் இருவர் கூடாது. எக்ஸ் முறையும் இருவரை ஏற்பதில்லை.

எக்ஸ்எஃப்சிஇயில் அப்பணி எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்பதனுடையது. அதற்குப் பதிலாக ஓப்பன்பாக்ஸை நிறுவினேன். எல்எக்ஸ்டிஇ என்னும் எளிய சூழலில் பந்தி விசாரிப்பது இதுவே. நிறுவிய பின் ஆல்ட், எஃப்2 விசைகளை ஒருசேர அழுத்தி, ஓப்பன்பாக்ஸ் என்று எழுதி, இடம் விட்டு, இரு சிறு கோடுகளை அடுத்து ரீப்ளேஸ் என்று எழுத வேண்டும். பழையவர் விலகுவார், புதியவர் பொறுப்பேற்பார். வெளியேறும்போது அமர்வைச் சேமிக்கச் சொன்னால் மறுநாளும் அவரே வருவார்.

இதை நான் முதலில் முனையத்தில் எழுதி, பின் முனையத்தை மூடிவிட்டேன். ஓப்பன்பாக்ஸும் அதனுடன் மாண்டது! தலைப்புப் பட்டைகள் யாவும் மறைந்தன; ஆய்வேடு கண்முன் இருக்க, அதில் ஓர் எழுத்தும் பதிக்க முடியவில்லை. நல்லவேளையாக, பழைய மேலாளரை ரீப்ளேஸ் கட்டளையுடன் அழைக்கும் பொத்தான் ஒன்றை முன்னரே பலகையில் வைத்திருந்தேன். சொடுக்கினேன், உயிர் வந்தது. நீங்களும் முதலில் அந்தப் பொத்தானை வையுங்கள்.

மாற்றியபின் பலகையும் பட்டியும் பழையபடியே இருந்தன. நிழலும் ஒளிபுகு தோற்றமும் போயின. சாளரங்களுக்கான குறுக்கு விசைகளை ஓப்பன்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் மீண்டும் எழுத நேர்ந்தது. ஒரு மாலைப்பொழுது அதில் கழிந்தது. நினைவகத்தில் மிச்சம் சில பத்து எம்பி மட்டுமே. ஆனால் சாளரங்கள் சட்டென நகர்ந்தன. காரணம், நிழல் வரையும் வேலை ஒழிந்ததே. உண்மையைச் சொன்னால், எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-இலேயே அவ்வேலையை நிறுத்தும் வசதி உண்டு. முதலில் அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

எல்லாச் சூழலிலும் இது நடவாது. 2011-இல் வந்த ஜினோம் 3 முதல், அங்கே பந்தி விசாரிப்பவர் வீட்டுக்காரரோடு ஒன்றாகிவிட்டார். எக்ஸ் முறைக்கு மாற்றாக வந்த வேலண்டிலும் திரையைத் தொகுப்பவரே சாளரங்களையும் ஆள்கிறார்; நடுவில் தனியே பிரிக்க இயலாது.

ஆய்வேட்டை உரிய நாளில் கொடுத்தேன். இக்கட்டுரையையும் அதே கணினியில்தான் தட்டெழுதினேன், இணைய உலாவியை மட்டும் மூடி வைத்துவிட்டு. அதன் பசிக்கு எந்தப் பந்தி விசாரிப்பவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை.