சீர்திருத்தம்: சொல்லும் செயலும்

மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலின் அருகே அமைந்த திருவில்லிபுத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பெருமையுடையது. பண்டு அவ்வூர் அடர்ந்த காடாய் இருந்தது என்று தலபுராணம் கூறும். மல்லி என்னும் வேட்டுவ அரசிக்கு வில்லி, கண்டன் என மைந்தர் இருவர் இருந்தனர். வேட்டைக்குச் சென்ற கண்டன் புலிக்கு இரையானான். தம்பியைத் தேடி அலைந்த வில்லி, கனவிற் கண்டவாறே ஆலமரத்தின் அடியில் வடபத்திரசாயியைக் கண்டு, காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் அமைத்தான் என்பது கதை. அவன் பெயரே ஊரின் பெயரில் நிலைத்தது.

புராணக் கதையாயினும், இதில் வரும் 'காடு திருத்துதல்' என்னும் வழக்கு கருதத்தக்கது. உழவர் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவி நிலத்தைத் திருத்துவர். புலவர் பிழைபட்ட ஏட்டைத் திருத்துவர். ஆசிரியர் மாணவன் எழுதிய கட்டுரையைத் திருத்துவார். இவ்வினைக்குத் தன்வினையும் உண்டு. தானே செம்மையுறுதல் திருந்துதல். பிறிதொன்றைச் செம்மையுறச் செய்தல் திருத்துதல். ஓர் எழுத்தின் வேறுபாட்டால் தமிழ் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகின்றது. 'சீர்' என்பதோ ஒழுங்கு, அழகு, சிறப்பு எனப் பல பொருள் தருவது. செய்யுளின் உறுப்பும் சீரே, மணமகள் வீட்டார் கொண்டுவரும் வரிசையும் சீரே. இவ்விரு சொற்களும் கூடியதே சீர்திருத்தம் என்னும் தொடர். ஆங்கிலக் கல்வி பரவிய பின்னர்ச் 'சமூகச் சீர்திருத்தம்' என்பது பெருவழக்காயிற்று. அதனைச் செய்வோர் சீர்திருத்தக்காரர் எனப்பட்டனர்.

ஆங்கிலத்தில் இவரை 'ரிபார்மர்' என்பர். இச்சொல்லின் வேர் உரோமர் மொழியாகிய இலத்தீனில் உள்ளது. அம்மொழியில் 'போர்மா' என்பது வடிவம்; 'ரெ' என்னும் முன்னொட்டு 'மீண்டும்' என்றும் 'பின்னோக்கி' என்றும் பொருள்படும். எனவே 'ரெபோர்மாத்தோர்' என்பான் ஒன்றை மீண்டும் வடிவுறச் செய்வோன். ஓவித் என்னும் உரோமப் புலவர், முதியவன் ஒருவன் தெய்வ அருளால் மீண்டும் இளமை வடிவு பெற்றதைச் சொல்லுமிடத்து இவ்வினையை ஆண்டுள்ளார். இளைய பிளினி என்பார் தம் கடிதம் ஒன்றில், முதுமையுற்றுத் தளர்ந்த இலக்கியத்தை மீட்டுப் புத்துயிர் அளித்தவர் என்று தம் நண்பரைப் பாராட்டி, அவரை 'ரெபோர்மாத்தோர்' என்றே அழைத்தார். ஆகவே, தொடக்கத்தில் இச்சொல் புதியது படைத்தலைக் காட்டிலும், இழந்த பழைய நலத்தை மீட்டலையே மிகுதியும் குறித்தது எனலாம்.

உரோமப் பேரரசு அழிந்த பின்னும் அதன் மொழி அழியவில்லை. அதன் வழிவந்த மொழிகள் இச்சொல்லைத் தத்தம் ஒலிக்கேற்ப மாற்றிக் கொண்டன. இத்தாலியர் 'ரிபோர்மத்தோரே' என்பர். இசுபானியரும் போர்ச்சுக்கீசியரும் 'ரெபோர்மதோர்' என்பர். பிரெஞ்சுக்காரர் 'ரெபோர்மத்தேர்' என்பர். இலத்தீன் வழிவராத போலிசு, உருசியம், சுவீடியம் முதலிய மொழிகளும் 'ரெபோர்மாத்தோர்' என்ற வடிவைக் கடன் கொண்டன. ஆங்கிலமோ வினையை மட்டும் கொண்டு, தன் சொந்த ஈற்றைச் சேர்த்துக் கொண்டது. டச்சுக்காரர் 'எர்போர்மர்' என்று முன்னொட்டைத் தம் மொழியால் ஆக்கினர். ஆயினும் நடுவில் நிற்கும் 'போர்ம்' இலத்தீனத்தின் உடைமையே.

ஒரே சொல் பல நாடுகளில் வழங்கினும், பொருள் எங்கும் ஒன்றாய் நின்றுவிடவில்லை. 1517-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் என்னும் துறவி, பாவமன்னிப்புச் சீட்டு விற்பதைக் கண்டித்துத் தம் கருத்துகளை வெளியிட்டார். அதிலிருந்து எழுந்த சமயப் பெருங்கிளர்ச்சி ஐரோப்பாவை இரு கூறாக்கியது. அதனால் செருமானிய மொழியில் 'ரெபோர்மாத்தோர்' என்றால் லூதர், கால்வின் போன்ற சமயத் தலைவரே நினைவுக்கு வருவர். அரசியலையோ கல்வியையோ திருத்துவோரைக் குறிக்க 'ரெபோர்மர்' என்ற வேறு வடிவு வழங்குகின்றது. பிரெஞ்சு மொழியில் நிகழ்ந்த மாற்றம் வியப்பினும் வியப்பு! அங்கே படைவீரன் ஒருவன் 'ரெபோர்மே' ஆனான் என்றால், அவன் பணிக்குத் தகுதியற்றவன் என்று விலக்கப்பட்டான் என்பது பொருள். இசுபானிய நகரங்களில் கடை வாயிலில் 'ரெபோர்மா' காரணமாக மூடப்பட்டுள்ளது என்று எழுதியிருப்பின், உள்ளே கொத்தரும் தச்சரும் வேலை செய்கின்றனர் என்று அறிக.

கிரேக்கர் இலத்தீன் சொல்லை ஏற்கவில்லை. அவர் சொல்லின் நேர்ப்பொருள் 'தாளகதியை மாற்றுவோன்' என்பது. சீர் என்பது செய்யுளின் உறுப்பாகவும் வரும் தமிழோடு இதனை ஒப்பிட்டு மகிழலாம். பின்லாந்து மக்கள் லூதர் காலத்துக் கிளர்ச்சியைச் 'சமயத் தூய்மை' என்று பொருள்படும் சொல்லாற் குறித்தனர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. சீர்திருத்துவோன் பழைய நல்வடிவை மீட்பவனா, புதிய வடிவைப் படைப்பவனா? லூதர் தாம் புதுமை செய்ததாகக் கூறவில்லை. திருமறையின் தொல்நெறிக்குத் திரும்புவதாகவே கூறினார். எதிர்த்தோரோ அவரைப் புதுமை புகுத்திய குற்றவாளி என்றனர். சொல்லின் முன்னொட்டில் மறைந்திருந்த ஐயமே நாட்டின் பூசலாய் வெளிப்பட்டது.

இத்தகைய பூசல் தமிழகத்திலும் எழுந்ததுண்டு. திருவில்லிபுத்தூருக்கு அணித்தே உள்ள இராசபாளையம், ஆலைத் தொழிலாற் சிறந்த ஊர். ஆந்திர நாட்டினின்று வந்து குடியேறிய இராசுக்களின் வழியினர் அங்கே வாழ்கின்றனர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவோர் அவர்களிற் பலர். தெலுங்கில் சீர்திருத்துவோரைச் 'சம்சுகர்த்தா' என்பர். செம்மையாகச் செய்வோன் என்னும் கருத்துடைய வடசொல் அது. அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு பிறந்தவர் பூ. ச. குமாரசாமி இராசா. காந்தியடிகளின் நெறிநின்று விடுதலைப் போரில் ஈடுபட்ட அவர், 1949-ஆம் ஆண்டு ஏப்பிரலில் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சரானார். அந்நாளில் அப்பதவிக்குப் பிரதமர் என்று பெயர். 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் இந்தியா குடியரசானதும், அதே பதவி முதலமைச்சர் என மாறியது. ஆளும் மாறவில்லை, அறையும் மாறவில்லை. சொல் மட்டும் மாறிற்று.

அவர் ஆட்சியில் 1951-ஆம் ஆண்டு, இந்து சமய அறநிலையச் சட்டம் நிறைவேறியது. அதுவரை கோயில்களைக் கண்காணித்த வாரியம் நீங்கி, ஆணையர் ஒருவரின் கீழ் அரசுத் துறை அப்பொறுப்பை ஏற்றது. முன்னோர் அளித்த நிலமும் பொன்னும் அளித்தோர் கருதிய அறத்துக்கே பயன்பட வேண்டும். ஆதலின் இது மீட்பே என்றனர் ஆதரித்தோர். சமயத்துள் அரசு புகுவது முன்னில்லாப் புதுமை என்றனர் மறுத்தோர். உடுப்பியைச் சார்ந்த சிரூர் மடத்தார் தொடுத்த வழக்கில், 1954-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் சட்டத்தின் சில பிரிவுகளைத் தள்ளிச் சிலவற்றை ஏற்றது. சமய ஒழுக்கம் சமயத்தார் உரிமை. சொத்தின் ஆளுகையை அரசு சட்டத்தால் நெறிப்படுத்தலாம் என்று அத்தீர்ப்பு வேறுபடுத்திக் காட்டியது. எது சமயம், எது சொத்தாட்சி என்னும் வாதம் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1959-ஆம் ஆண்டு வேறொரு சட்டம் முன்னதன் இடத்தைப் பெற்றது.

சட்டத்தாற் பிறரைத் திருத்தப் புகுவோர், மக்கள் தரும் தீர்ப்புக்கும் தலைவணங்க வேண்டியவர். 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் குமாரசாமி இராசா தம் ஊர்ப்புறமாகிய திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோல்வியுற்றார். அத்தீர்ப்பை ஏற்றுப் பதவி நீங்கினார். பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராய்ப் பணியாற்றி, 1957-ஆம் ஆண்டு மறைந்தார். இராசபாளையத்தில் தாம் வாழ்ந்த இல்லத்தை அவர் பொதுப் பயனுக்கு அளித்தார். அதுவே காந்தி கலை மன்றமாயிற்று.