பதினாறாம் நாள் படகை விற்காதீர்கள்

வீட்டுப் பெரியவர் போன பிறகு அவர் நினைவை எப்படிக் காப்பது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: அவர் கை பட்ட எந்தத் தொழில் சாமானும் கருமாதி முடிந்த சூட்டோடு வீட்டை விட்டுப் போகக் கூடாது. யார் வந்து பேசினாலும் விடாதீர்கள். சித்தப்பாவே வந்து பேசினாலும் விடாதீர்கள்.

என் நைனா பழவேற்காடு ஏரியில் தொழில் செய்தவர். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரை கடந்த புயலில் எங்கள் குடிசை போனது. நான் அப்போது அம்மா வயிற்றில். கூரை பறந்த அந்த ராத்திரி முழுக்க அம்மாவின் மேல் பாயைப் போர்த்தி, பாய் பறக்காமல் நைனா மேலே படுத்துக் கிடந்தாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் கம்மிவிடும்.

எறா விற்ற காசு அம்மா கையில்தான் போகும். டீ குடிக்கக்கூட அம்மாவிடம் கேட்டு வாங்குவார். அதைக் கேலி பேசியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் வட்டிக்காரர் வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா ஒருநாளும் நின்றதில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி வந்த பிறகு மீன் கூடையை பஸ் நிறுத்தம்வரை நைனாதான் சுமந்தார். "ஆம்பள கூடை தூக்கலாமா?" என்று கேட்டவர்களுக்கு, "அவ தூக்குன கூடையிலதான் எம்புள்ளைங்க படிச்சுது" என்று பதில் சொன்னார்.

சான்றிதழ் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் சங்கப் புத்தகத்திலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஆள் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் வரும் 5 லட்சம் விபத்துச் சாவுக்கு மட்டும்தான். நைனா நோயில் போனவர். அது தெரிந்தும், அந்தப் பணம் வரும் என்று ஆசை காட்டி அம்மாவை அலைக்கழித்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருந்தார்கள். மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் இயற்கைச் சாவுக்குத் தனி உதவி உண்டு, அதைக் கேளுங்கள்.

இனி படகு விஷயம். எங்கள் பக்கம் ஏரியில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பது சீட்டு எடுத்து முறை வைத்து வருவது. எறா கடலில் முட்டை இடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் ராத்திரி நீர் வற்றும்போது திரும்பக் கடலுக்குப் போகும். போகிற வழியில்தான் சுத்து வலை. முகத்துவாரம் மணலில் தூர்ந்தால் குஞ்சு உள்ளே வராது, பாடு கிடைத்தும் புண்ணியமில்லை. அதனால் நைனாவுக்கு முகத்துவாரத்தின் மேலேயே கண். வருஷாவருஷம் மாசியில், முகத்துவாரத்துக்கு உள்ளே தனக்குத் தெரிந்த ஒரே இடத்தில், நீர் ஏறி நிற்கும் நேரத்தில், படகு தள்ளும் மூங்கில் கழியை ஊன்றுவார். நீர் நிற்கிற உயரத்தில் கத்தியால் ஒரு வெட்டு போடுவார். மேலே இருந்த வெட்டுகள் பழசு. கீழே வர வரப் புதுசு. "ஏரி மேடாயினே வருது பாரு" என்று என் மகனின் விரலைப் பிடித்து ஒவ்வொரு வெட்டாகத் தடவிக் காட்டுவார். படிக்காத மனிதர் எழுதிவைத்த ஏரியின் கணக்கு அந்தக் கழி.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு இலை போடும்போதே சித்தப்பா ஆள் கூட்டி வந்துவிட்டார். "ஆம்பள இல்லாத வூட்டுக்கு போட்டு இன்னாத்துக்கு? கிடந்தா மக்கித்தான் போவும்." நான் வேண்டாம் என்றேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பேச்சு எதற்கு என்றார்கள். அம்மா உள்ளே மூலையில் இருந்தார். அவரை யாரும் கேட்கவே இல்லை. படகு, இன்ஜின், வலை எல்லாம் சேர்த்து ஒரே விலை பேசி முடித்தார்கள். கழி படகோடு போனது. நான் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அதை நாலு துண்டாக வெட்டி ஆட்டுக் கொட்டகைக்குக் கால் நட்டிருந்தார்கள். வாங்கியவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அது வெறும் மூங்கில்.

அந்தப் பணம் எங்கே போனது தெரியுமா? பந்தல், சாப்பாடு, கண்ணீர் அஞ்சலி பேனர். பேனரில் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். அம்மாவின் படம் இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளுக்கு அதில் இடமில்லை என்று முடிவு செய்தவர்கள்தான் இன்று என்னை அடாவடிக்காரி என்கிறார்கள்.

ஆகவே, உங்கள் வீட்டுப் படகை ஒரு வருஷமாவது விற்காதீர்கள். கடன் நெருக்கினால் இன்ஜினை மட்டும் கொடுங்கள். வலையை அவிழ்த்து, எது அவர் கையால் பின்னியது என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பிரித்து வையுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் இருக்கும்போதே பேச்சைப் பதிவு செய்யுங்கள். நாற்காலியில் உட்காரவைத்து "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்றால் ஒன்றும் வராது. வலை பொத்தும்போது போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மடவை எங்கே கிடைக்கும், கொடுவாவுக்கு எந்தக் காற்று நல்லது என்று கேளுங்கள். அப்படிப் பேசியதில்தான் எனக்கு நைனாவின் குரல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதை அவரும் என் மகனும் கரையில் நின்று பார்த்தார்கள். நான் ராக்கெட்டைப் படம் எடுக்காமல் அவர்கள் இருவரையும் எடுத்தேன். அதில் தாத்தா பேரனிடம், "பெருசா போவுது, ஆனா நாம வலை கட்டுறது இங்கதான்டா" என்கிறார். ராக்கெட்டின் படம் எல்லாரிடமும் இருக்கிறது. இது எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

பிறகு அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வது பஞ்சாயத்துக் கதை. ஒரு மனிதன் நல்ல புருஷனா என்பது பெண்டாட்டிக்குத்தான் தெரியும்.

இந்த வருஷத் திதிக்குப் பேனர் வைக்கவில்லை. அந்தக் காசில் மகனுக்கு வீச்சு வலை வாங்கினோம். ஈயக் குண்டுகளை அம்மா கோர்த்தார். விடுமுறை நாட்களில் நைனாவின் கூட்டாளி ஒருவர் அவனைப் படகில் கூட்டிப் போகிறார். அவனுக்குப் புது மூங்கில் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நைனா கழி ஊன்றிய இடம் எது என்று அந்தக் கூட்டாளிக்குத் தெரியும். மாசியில் போகிறார்கள். சித்தப்பா வீட்டில் இதற்கும் கோபம் என்று கேள்வி. கோபப்படட்டும், இந்த மூங்கில் விற்பனைக்கு இல்லை.