பாட்டைத் தேர்ந்தெடுப்பவர்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்

வானொலியில் ஒரு பாட்டைக் கேட்டால், பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என்று கேட்கிறோம். இந்தப் பாட்டுக்குப் பின் அந்தப் பாட்டு வரட்டும் என்று தீர்மானித்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர்தான் நிகழ்ச்சி அமைப்பாளர். அந்த வேலையிலிருந்து இசைத்தட்டுத் தயாரிப்புக்குச் சென்றவர் அமெரிக்கரான பில் ஸ்டெஃப்னி. அவர் தயாரித்தது ஹிப்ஹாப் இசை.

ஹிப்ஹாப் என்றால் என்ன? 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஒரு விருந்து நடந்தது. அங்கே இசைத்தட்டுகளை ஓட்டிய கூல் ஹெர்க் என்ற இளைஞர், பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்தார். ஹிப்ஹாப்பின் பிறந்த நாளாக அதையே கொண்டாடுகிறார்கள். அத்தகைய தாளத்தின் மேல், இராகம் இழுக்காமல் எதுகையோடு பேசுவதே ராப்.

1980-களின் தொடக்கத்தில், நியூயார்க்கை அடுத்த அடெல்ஃபை பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்திய டபிள்யூ.பி.ஏ.யூ. என்னும் வானொலி நிலையம் இருந்தது. அதில் ஸ்டெஃப்னி நிகழ்ச்சி அமைப்பாளர். விழாக்களுக்கு ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடும் ஹேங்க் ஷாக்லி, ஓவியம் பயின்ற மாணவர் சக் டி ஆகியோருக்கு அவர் நிகழ்ச்சி நேரம் கொடுத்தார். அப்போது ஒரு சங்கடம். ராப் இசைத்தட்டுகள் மிகக் குறைவாகவே வெளிவந்திருந்தன. கையில் இருந்ததை எத்தனை முறைதான் போடுவது? ஆகவே அக்கம்பக்கத்து இளைஞர்களைப் பேசவைத்து, ஒலிநாடாவில் பதிந்து, அதையே ஒலிபரப்பினார்கள். பற்றாக்குறைதான் அவர்களைத் தயாரிப்பாளர்களாக்கியது என்பேன்.

சக் டி பதிந்த ஒரு நாடா, டெஃப் ஜாம் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை எட்டியது. அந்நிறுவனத்தில் சேர்ந்த ஸ்டெஃப்னி, 1987-இல் வெளிவந்த 'பப்ளிக் எனிமி' குழுவின் முதல் தொகுப்பைத் தயாரித்தவர்களில் ஒருவரானார். கறுப்பின மக்களின் குறைகளை உரக்கச் சொன்ன குழு அது. (அதன் சொற்கள் சில நம் பள்ளி மேடைக்கு ஏற்றவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இசைத்தட்டில் ஏறாத குரல்கள் எங்கள் கல்மண்டபத்திலும் உண்டு. இழவு வீட்டில் இரவெல்லாம் பாடும் கானாவைத்தான் சொல்கிறேன். அது கேட்டதும் பாட்டி சன்னலைச் சாத்திவிடுவார். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு, கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் சேர்த்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் பாடகர்களைத் தேடித் தேடிச் சேர்த்த குழு அது. அதில் பாடிய பெண் வட சென்னை இசைவாணி. 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அண்மையில் இதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "யாரு, நம்ம பக்கத்துப் பொண்ணா?" என்று இரண்டு முறை கேட்டார்.