எப்போது சூடாகிறது? பழைய கார் வழியே குறை காணும் பாடம்

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் தானியங்கி ஊர்திப் பொறியியல் படிக்கும் மாணவரிடம் குளிர்விப்பு அமைப்பின் பாகங்களைக் கேட்டால் ரேடியேட்டர், நீர் பம்பு, விசிறி, தெர்மோஸ்டாட் என்று தடையின்றிச் சொல்லிவிடுவார். "வண்டி சூடாகுதுப்பா, என்னன்னு பாரு" என்று ஒருவர் சாவியைக் கொடுத்தால் அதே மாணவர் திகைக்கிறார். பாகங்களைத் தெரிந்துகொள்வதும் குறையைக் கண்டுபிடிப்பதும் வெவ்வேறு திறன்கள். இரண்டாவதைக் கற்பிக்கப் பழைய காரைவிட நல்ல கருவி இல்லை.

உத்திரமேரூர் போன்ற ஊர்களில் இந்தத் திறனுக்கு நேரடித் தேவையும் உண்டு. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. 1983-இல் வந்த மாருதி 800-உம் அதே ஆண்டில்தான் விடைபெற்றது. ஆனாலும் கிராமத்துச் சாலைகளில் இவை இன்னும் கண்ணில் படுகின்றன. தெர்மோஸ்டாட் பழுதான வண்டிக்கு ரேடியேட்டரை மாற்றினால் உரிமையாளரின் பணம் போகும், சூடு போகாது. அப்படியே ஓட்டினால் சிலிண்டர் தலை வளைந்து, கேஸ்கெட் எரிந்து, செலவு பல மடங்காகும்.

பாடத்தை ஒரே கேள்வியில் தொடங்கலாம்: வண்டி எப்போது சூடாகிறது? நிற்கும்போதும் நெரிசலிலும் சூடேறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது சரியாகிவிட்டால் நீரைவிடக் காற்றின் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், நிற்கும்போது விசிறிதான் துணை. பழைய அம்பாசிடரில் விசிறியை பெல்ட் சுழற்றுகிறது. ஆகவே பெல்ட்டின் தளர்வைப் பார்க்க வேண்டும். மாருதி 800-இல் மின் விசிறி என்பதால் ஃபியூஸ், வெப்பச் சுவிட்ச், மோட்டார் என வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, வேகமாக ஓட்டும்போதோ மேட்டில் ஏறும்போதோ முள் உயர்ந்தால் நீரோட்டம் போதவில்லை என்று பொருள். ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்பு ஆகியவற்றை நாட வேண்டும். இரு நிலையிலும் சூடானால் முதலில் நீர் மட்டம், பிறகு கசிவு. பூச்சிகளும் நெல் தூசும் ரேடியேட்டரின் முகப்பை மூடியிருந்தாலும் இப்படி ஆகும். அறுவடைக் காலத்தில் இது சாதாரணம்.

சமவெளியில் யாரும் தேடாத ஹீட்டர், இந்த வகுப்பில் நல்ல சாட்சி. அது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் சுடுநீர் அதற்குள் ஓடுகிறது, பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் ஓடும். ஆகவே முள் உச்சத்தில், ஹீட்டரில் சூடான காற்று, ஆனால் ரேடியேட்டரின் மேல் குழாய் குளிர்ச்சி என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். முள் உச்சத்தில் இருக்கும்போது ஹீட்டர் குளிர்ந்த காற்றைத் தந்தால் நீர் குறைந்திருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது பம்பு நீரைத் தள்ளவில்லை. முள் எழவே இல்லை, ஹீட்டரும் குளிர்ச்சி என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது. அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். முள் சரியான இடத்தில் இருந்தும் ஹீட்டர் மட்டும் வேலை செய்யாவிட்டால் அதன் இரு குழாய்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி என்றால் அடைப்பு அல்லது மூடிய வால்வு. இந்த நான்கு நிலைகளையும் கரும்பலகையில் எழுதி, காரணத்தை மாணவர்களே ஊகிக்கட்டும். விடையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாடம் வீண்.

முள்ளையும் முழுதாக நம்பக்கூடாது. நீர் அறவே வற்றினால் உணர்வி நீரில் மூழ்காமல் வெறும் ஆவியில் நிற்கும், அப்போது முள் கீழே இறங்கவும் செய்யும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அதைக் கழற்றிப் போடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. என் கருத்தில் இது சிகிச்சை அல்ல, குறையை மறைப்பது. எஞ்சின் உரிய வெப்பநிலைக்கு வரத் தாமதமாகும், எரிபொருள் கூடும், தேய்மானமும் கூடும். இதை வாதத்தால் அல்ல, சோதனையால் உணர்த்தலாம். பழைய தெர்மோஸ்டாட் ஒன்றை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதவாறு நீரில் தொங்கவிட்டு, அருகில் ஆய்வக வெப்பநிலைமானியும் வைத்துச் சூடேற்றுங்கள். 82 என்று பொறித்திருந்தால் ஏறத்தாழ 82 டிகிரி செல்சியசில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளுவதே காரணம். அடுப்பை அணைத்தபின் மூடுகிறதா என்பதையும் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ரேடியேட்டர் மூடியைப் பிரஷர் குக்கரோடு ஒப்பிட்டால் போதும்: அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும். மூடியின் ரப்பர் தேய்ந்தால் நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். அதில் உள்நோக்கித் திறக்கும் சிறு வால்வும் உண்டு. வண்டி ஆறியபின் மேல் குழாய் சப்பிப்போயிருந்தால் அந்த வால்வு சிக்கியிருக்கிறது. குக்கர் ஒப்புமை பாதுகாப்புக்கும் உதவும். விசில் அடங்காத குக்கரை யாரும் திறப்பதில்லை. சூடான ரேடியேட்டரைத் திறந்தால் அழுத்தம் சட்டென விடுபட்டு நீர் முகத்தில் பீறிடும். எஞ்சினை நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, அதன்பின் ஆசிரியர்தான் திறக்க வேண்டும். மின் விசிறி சாவியை எடுத்தபிறகும் சுழலலாம், விரல்கள் அருகில் போகக்கூடாது.

நீரைப் பற்றியும் ஒரு வகுப்பு தேவை. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியம் இடம்பெற்ற ஊர் உத்திரமேரூர். அங்கேயே ரேடியேட்டருக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவது சகஜம். கடின நீரைச் சூடாக்கினால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாகப் படியும். வேதியியல் பாடத்தில் வரும் இதே வினைதான் ரேடியேட்டர் குழாயை அடைக்கிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடிப்படிவைச் சுரண்டிக் காட்டி, அதில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. கழிவுக் கூலண்டைத் தரையில் விடாதீர்கள். பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சானது. ஆடும் நாயும் நக்கும்.

எண்ணெய் அளவுகோலில் பால் காப்பி நிறம், புகைபோக்கியில் ஓயாத வெண்புகை, வெளியே கசிவில்லாமல் நீர் குறைவது ஆகியவை சேர்ந்து வந்தால் தலை கேஸ்கெட் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை மேலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

மதிப்பீட்டுக்கு எழுத்துத் தேர்வைவிட வாய்மொழிக் குறை அறிக்கை பொருத்தம். ஒரு மாணவர் வண்டிக்காரராக நடிக்கட்டும். மற்றவர் எதையும் கழற்றாமல் ஐந்து கேள்விகள் மட்டும் கேட்டு, முதலில் எதைச் சோதிப்பேன், ஏன் என்று சொல்லட்டும். உள்ளுறைப் பயிற்சிக்குப் பட்டறைக்குச் செல்லும் மாணவர்கள் அங்கு வரும் ஒவ்வொரு சூட்டுப் புகாரையும் நோட்டில் குறித்துவந்தால், அடுத்த ஆண்டு வகுப்புக்கான கேள்விகள் அதிலிருந்தே கிடைக்கும்.